ட்றான்ஸ்மிஷனை மாற்ற முன் நாலாம் சிலிண்டரைப் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் கூரை வேலை செய்கிற ஒரு தம்பி எழுதியிருந்தார். ஏழு வருடமாக ஓடிய வேலை வான் திடீரென்று நடுங்கத் தொடங்கியதாம். கராஜில் ட்றான்ஸ்மிஷன், அதாவது கியர்ப்பெட்டி, முடிந்துவிட்டது என்றார்களாம். மாற்றுகிற காசுக்கு வழியில்லாமல் வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் 700 டொலருக்கு விற்கப் பேசிவிட்டாராம், இப்போது மச்சானின் வண்டியை இரவல் வாங்கி வேலைக்குப் போகிறாராம். வானின் மேலிருந்த ஏணிச் சட்டத்தைக் கழற்றும்போது கண் கலங்கியது என்று எழுதியிருந்தார். அந்த வரிக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்றால் அதற்கு முதல் வரியில் அவர் சொன்ன அறிகுறி இது: “சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் பட்டுப்போல இருக்கும், மெதுவாக ஏற்றம் ஏறும்போதுதான் நடுங்கும்.”

இரண்டு வருடத்துக்கு முன் என் வானுக்கு வந்ததும் இதே வருத்தம். எனக்கும் ட்றான்ஸ்மிஷன் என்றுதான் சொன்னார்கள். 4,200 டொலர் கேட்டார்கள். கடைசியில் 40 டொலருக்கு உள்ளே, ஒரு சனிக்கிழமைப் பின்னேரத்தில், என் வீட்டு வாசலில் அந்த வேலை முடிந்தது. பார்க்காத வண்டிக்கு மருந்து சொல்ல ஏலாது. அந்தத் தம்பியின் வானில் உண்மையாகவே ட்றான்ஸ்மிஷன் போயிருக்கலாம். ஆனால் அவரைப்போல வேறு எத்தனை பேர் இந்த நடுக்கத்தோடு நாளைக்கு ஒரு கராஜ் வாசலில் நிற்கப் போகிறார்கள் என்ற நினைப்பு என்னை இருக்க விடவில்லை. அதனால்தான் கடிதம் நீண்டாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன்.

நான் ரொறொன்ரோவின் ஸ்காபுறோவில் இருக்கிறேன், இருபத்திரண்டு வருடமாக ரைல் பதிக்கிற வேலை. என்னிடம் இருப்பது 2010ஆம் ஆண்டு ஃபோர்ட் ஈ-250 வான், 5.4 லீற்றர், எட்டுச் சிலிண்டர். மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் கிலோமீற்றர் தாண்டிவிட்டது. பின்னுக்கு ரைல் வெட்டுகிற தண்ணீர் வாள், கலவை அடிக்கிற மெஷின், 50 இறாத்தல் கலவை மூட்டை பத்துப் பன்னிரண்டு. இதெல்லாம் ஏறினால் வான் குந்தும். வான் நின்றால் எனக்கு மட்டுமில்லை, என்னோடு வருகிற இரண்டு பொடியன்களுக்கும் அன்றைய சம்பளம் நிற்கும்.

எஞ்சின் மிஸ் பண்ணுவதை, அதாவது ஒரு சிலிண்டர் வெடிக்காமல் தவறுவதை, நான் முதலில் படித்தது இங்கே இல்லை. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. சுன்னாகத்தில் சித்தப்பாவின் கராஜில் அப்போது நான் எடுபிடி. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சின் ஆறிக் கிடந்தால் மண்ணெண்ணெய் பற்றாது. சின்னப் போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோலில் நாலு துளியை காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இரண்டு நாள் ஓடினால் சிலிண்டருக்குள் பொறி கொடுக்கிற பிளக் கரி பிடித்து மிஸ் பண்ணும். கம்பி பிரஷ்ஷால் பிளக் தேய்த்துத் தேய்த்தே என் நகமெல்லாம் கறுத்துக் கிடந்த காலம் அது.

மிஸ் பண்ணுகிற கார் வந்தால் சித்தப்பா ஒன்றையும் உடனே கழற்ற மாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, காய்ந்த சீலைத்துண்டால் பிடித்து பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிப் பூட்டுவார். “சத்தத்தைக் கேள். கழட்டின உடன எஞ்சின் இன்னும் சோருதெண்டா அந்தச் சிலிண்டர் வேலை செய்யுது. எதைக் கழட்டினாலும் சத்தம் மாறேல்லையோ, அதுதான் சும்மா இருக்கிறது.” நாலு சிலிண்டரில் வேலை செய்யாதது எது என்று கண்டுபிடித்த பிறகுதான் அவர் கையில் ஸ்பனர் ஏறும். எது சும்மா இருக்கிறது என்று தெரியாமல் எதையும் மாற்றாதே என்பதுதான் அவரிடம் நான் படித்தது. இன்றைக்கு நான் சொல்ல வருவதும் அது ஒன்றுதான்.

என் வானுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். மோர்னிங்சைட் அவெனியூ ஹைலண்ட் கிறீக் பள்ளத்துக்குள் இறங்கி மறுபக்கம் ஏறுகிற இடம் இந்தப் பக்கத்துச் சனத்துக்குத் தெரியும். அந்த ஏற்றத்தில், அறுபது கிலோமீற்றர் வேகத்தில், அக்சிலறேற்றரில் காலை மெல்ல அழுத்தினால் அடியில் டுர்ர்ர் என்று ஒரு நடுக்கம். நெடுஞ்சாலையின் ஓரத்து வரிப்பள்ளத்தில் ரயர் ஏறினால் வருமே, அந்த மாதிரி. இன்னும் அழுத்தினால் கியர் ஒன்று இறங்கும், நடுக்கம் மறையும். காலை எடுத்தாலும் மறையும். செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை.

கராஜ்காரர் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஓடிப் பார்த்தார். கியர்த் தண்டின் நுனியில் உள்ள பொத்தானை அமத்தி, ஓவர்ட்றைவ் என்கிற ஆக உயர்ந்த கியரை நிற்பாட்டி ஓடினார். நடுக்கம் இல்லை. “பாத்தீங்களோ அண்ணை, கியர் மாறினா இல்லை. கொன்வேற்றர் போட்டுது. ட்றான்ஸ்மிஷனை இறக்கித்தான் ஆகவேணும்” என்றார். கொன்வேற்றர் என்பது எஞ்சினின் சுற்றை ட்றான்ஸ்மிஷனுக்குக் கடத்துகிற பாகம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவர் என்னை ஏமாற்றப் பார்த்தார் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அவர் கண்ட சாட்சி அப்படி.

ஆனால் அந்தச் சாட்சி இரண்டு பக்கமும் பேசும். காற்றும் பெற்றோலும் கலந்த கலவையை எவ்வளவுக்கு அமுக்குகிறோமோ அவ்வளவுக்கு அதற்குள்ளால் பொறி பாய்வது கடினம். சும்மா நிற்கிற எஞ்சினுக்குள் போகிற காற்று கொஞ்சம், பொறி லேசாகப் பாய்ந்துவிடும். ஏற்றத்தில், குறைந்த சுற்றில், காலை அழுத்தும்போது சிலிண்டர் நிறையக் காற்று ஏறும். அப்போது பிளக்கின் இடைவெளியைத் தாண்டக் கூடிய வோல்ற் வேண்டும். அந்த வோல்ற்றைக் கொடுப்பது கொயில். கொயிலில் இருந்து பிளக்குக்கு இறங்குகிற றபர் உறையில் (பூட் என்பார்கள்) மயிரளவு வெடிப்பு இருந்தாலும் போதும், மின்சாரம் பிளக்கின் நுனிவரை போகாமல் அந்த வெடிப்பால் பக்கத்து உலோகத்துக்குப் பாய்ந்துவிடும். சிலிண்டர் ஒரு தரம் வெடிக்காமல் போகும்.

ஓவர்ட்றைவில் கொன்வேற்றர் லொக் ஆகி, எஞ்சினையும் ட்றான்ஸ்மிஷனையும் நேரே இணைத்தபடி இருக்கும். எஞ்சினின் ஒவ்வொரு தவறும் இடையில் எதிலும் தணியாமல் நேரே சில்லுவரை போகும். கியர் இறங்கினால் சுற்றுக் கூடும், சிலிண்டரின் சுமை குறையும், கொன்வேற்றரின் லொக்கும் விடும், நடுக்கம் போய்விடும். பிரேக்கை இலேசாகத் தொட்டாலும் அந்த லொக் விடுவதால் அப்போதும் நடுக்கம் மங்கும். ஆகவே கியரை மாற்ற நடுக்கம் மாறுகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ட்றான்ஸ்மிஷன்மேல் பழி போட ஏலாது. கொன்வேற்றர் பழுதானாலும் இதே குணம், ஒரு சிலிண்டர் மிஸ் பண்ணினாலும் இதே குணம். ஓடிப் பார்த்துப் பிரிக்க முடியாது. எண்ணிப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

எண்ணுவதற்கு என் மகன் வழி காட்டினான். வண்டியின் கொம்பியூட்டர் பதிந்து வைத்த பழுதுக் குறியீடுகளை, அதாவது கோட்களை, வாசிக்கிற பெட்டி ஒன்று உண்டு. அவன் 38 டொலருக்கு வாங்கிய அந்தச் சின்னக் கோட் றீடரை ஸ்ரியறிங்கின் கீழே இருக்கிற 16 ஊசிச் சொக்கற்றில் செருகி, கைத்தொலைபேசியோடு இணைத்தான். கோட் ஒன்றும் இல்லை. பி0304 என்று வந்திருந்தால் நாலாம் சிலிண்டர் மிஸ் பண்ணுகிறது என்று அர்த்தம். பி0301 முதல் பி0308 வரை கடைசி இலக்கம்தான் சிலிண்டர், பி0300 என்றால் இன்னதென்று இல்லாமல் பல சிலிண்டர். தவறுகிற வெடிகள் ஒரு அளவைத் தாண்டினால்தான் கொம்பியூட்டர் கோட் போடும், விளக்கை எரிக்கும். அந்த அளவுக்குக் கீழே மாதக்கணக்கில் மிஸ் பண்ணிக்கொண்டு ஓடலாம்.

ஆனால் கோட் போடாவிட்டாலும் கொம்பியூட்டர் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. அதை “மோட் சிக்ஸ்” என்ற பக்கத்தில் பார்க்கலாம். இதைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. அங்கே ஏ2 என்பது முதலாம் சிலிண்டர், ஏ3 இரண்டாம் சிலிண்டர், இப்படியே ஏ9 எட்டாம் சிலிண்டர். ஒவ்வொன்றின் கீழும் 0பி என்ற வரி கடந்த பத்து ஓட்டத்தின் சராசரி, 0சி என்ற வரி கடைசி ஓட்டத்தில் தவறிய வெடிகளின் எண்ணிக்கை. மகன் ஒவ்வொன்றாக வாசித்தான். “ஏ2 பூச்சியம். ஏ3 பூச்சியம். ஏ4 ஒண்டு. ஏ5…” என்று நிற்பாட்டினான். “அப்பா, ஏ5 நூற்றி நாற்பத்திமூண்டு.” மற்ற நாலும் பூச்சியமும் ஒன்றுமாக வந்தன.

சுன்னாகம் கராஜ் அப்படியே கண்ணுக்குள் வந்து நின்றது. சித்தப்பா சீலைத்துண்டோடு செய்ததை இந்தப் பெட்டி ஒரு வயரையும் தொடாமல் செய்து முடித்திருந்தது.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சித்தப்பா செய்ததுபோல ஓடுகிற எஞ்சினில் கையால் பிளக் பக்கத்தை இழுக்க இன்றைக்கு யாரும் வெளிக்கிட வேண்டாம். இப்போதைய கொயில்கள் பல்லாயிரம் வோல்ற் கொடுப்பவை, ஆளையும் தூக்கி எறியும், கொயிலும் பழுதாகும்.

இந்த வகை ஃபோர்ட் எஞ்சினில் பயணியின் பக்கம் முன்னுக்கு இருப்பது ஒன்று, அங்கிருந்து பின்னுக்கு இரண்டு, மூன்று, நாலு. சாரதியின் பக்கம் முன்னிருந்து பின்னுக்கு ஐந்து முதல் எட்டு. நாலாம் சிலிண்டர், பயணி கால் வைக்கிற இடத்துக்குக் கிட்ட, ஆகப் பின்னுக்கு ஒளிந்திருக்கிறது. பொனற்றைத் திறந்து எவ்வளவு எட்டினாலும் கை போகாது. உள்ளே இரண்டு ஆசனத்துக்கும் நடுவில் பெட்டிபோல இருக்கிற எஞ்சின் மூடியைக் கழற்ற வேண்டும். டொக்ஹவுஸ் என்பார்கள். அதன் மேலிருந்த கப் தாங்கியையும் இரண்டு வருடத்து றிசீற்றுகளையும் எடுத்து வைத்துவிட்டு மூடியைத் தூக்கியபோது எஞ்சினின் பின்பாதி என் முழங்காலுக்குக் கிட்ட வந்துவிட்டது. எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. பிளக் பூட்டுகிற எஞ்சின் தலை அலுமினியம். சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் மரையும் கூட வரும்.

பற்றறியின் கறுப்பு வயரைக் கழற்றினேன். கொயிலின் சொருகியை விரலால் அமத்திக் கழற்றினேன். அந்தப் பிளாஸ்ரிக் பழசாகி மொறுமொறு என்று இருக்கும், ஸ்குறூ டிறைவரால் நெம்பினால் உடையும். கொயிலைப் பிடித்திருப்பது ஒரேயொரு 7 மில்லிமீற்றர் ஆணி. அதைத் தனியாக ஒரு தட்டத்தில் வைத்தேன், எஞ்சினுக்குள் விழுந்தால் அன்றைய பின்னேரம் அதைத் தேடுவதில் போய்விடும். கொயிலை நேரே இழுக்காமல் இடமும் வலமுமாகத் திருகித் திருகி மெல்ல மேலே எடுத்தேன்.

ரோர்ச் அடித்து அந்தப் பிளக் கிணற்றுக்குள் பார்த்தேன். அடியில் தண்ணீர் மினுங்கியது. ஒரு தேக்கரண்டி இருக்கும். பிளக்கின் அறுகோணத்தைச் சுற்றித் துரு. கையிலிருந்த கொயிலின் பூட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பினேன். கறுத்த றபரில் நுனியிலிருந்து மேல்நோக்கி, பென்சிலால் கீறியதுபோல, சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. மின்சாரம் ஓடிய தடம் அது. உள்ளே இருக்கிற ஸ்பிறிங்கின் கடைசிச் சுற்றில் பச்சைக் களிம்பு. பிறகு பிளக்கைக் கழற்றியபோது அதன் வெள்ளைப் பீங்கானிலும் அந்தக் கோட்டுக்கு நேரே இன்னொரு கறுத்த கோடு. அந்த இரண்டு கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கொடுக்காமல் விட்ட 4,200 டொலர் என் கையில் கிடப்பதுபோல இருந்தது.

பிளக்கைக் கழற்ற முன் செய்த ஒரு வேலையை விட்டுவிடக் கூடாது. கிணற்றில் தண்ணீரும் மண்ணும் இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் அவ்வளவும் சிலிண்டருக்குள் விழும். கண்ணாடி போட்டுக்கொண்டு, கொம்பிறஸரால் காற்றடித்து, காயக் காய வெளியேற்றினேன். இரண்டு தரம் அடித்தேன்.

பிளக்கை மாற்றுகிறதுக்கு முன் சித்தப்பாவின் சோதனைபோல ஒன்றையும் செய்து பார்த்தேன். நாலாம் கொயிலை அதன் பூட்டோடு இரண்டாம் சிலிண்டரில் போட்டேன், இரண்டாவதை நாலில் போட்டேன். மார்க்கம் வரை போய் வந்தோம். தவறுகிற எண்ணிக்கை ஏ5ஐ விட்டு ஏ3க்குப் போயிருந்தது. வருத்தம் கொயிலோடு சேர்ந்து நகர்ந்தால் குற்றம் கொயிலிலோ அதன் பூட்டிலோ. நகராமல் நாலிலேயே நின்றிருந்தால் பிளக், பெற்றோல் தெளிக்கிற இன்ஜெக்ரர், சிலிண்டரின் அமுக்கம் என்று அடுத்த வாசலைத் தட்ட வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. எட்டுக் கொயிலையும் ஒன்றாக மாற்றச் சொல்கிறவர்களிடம் முதலில் இதைச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கொயில் நல்லாகத்தான் இருந்தது. ஸ்பிறிங்கோடு சேர்ந்த புதுப் பூட் 14 டொலர், பிளக் 9 டொலர், மின்தடைக் கிறீஸ் ஒரு சின்னக் குழாய் 8 டொலர். பூட்டை மட்டும் மாற்றி, கோடு விழுந்த பழைய பிளக்கை விட்டிருந்தால் அந்தத் தடம் புதுப் பூட்டையும் எரித்துவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பூட்டின் உள்வாயில் கிறீஸை விரலால் ஒரு வளையம்போலப் பூசினேன்.

பிளக் பூட்டுவதுதான் இந்த எஞ்சினில் பயப்பட வேண்டிய இடம். இந்த எஞ்சின் குடும்பத்தின் முந்திய வருடங்களில் தலையில் பிளக்கைப் பிடிக்கிற மரை மிகக் குறைவு. சரியாக இறுக்காத பிளக் மரையையும் பிய்த்துக்கொண்டு துப்பாக்கிக் குண்டுபோல வெளியே வந்த கதைகள் வட அமெரிக்கா முழுக்க உண்டு. கூட இறுக்கினாலும் மரை அழியும். நான் பிளக்கின் தலையில் ஒரு சாண் பழைய றபர்க் குழாயைச் செருகி, குழாயை இரண்டு விரலால் திருப்பித்தான் ஏற்றினேன். மரை பிழையாக ஏறினால் குழாய் வழுக்கும், பிளக் சுற்றாது. ஸ்பனரால் முதல் சுற்றுச் சுற்றினால் அந்த எச்சரிக்கை கிடைக்காது. அடிவரை விரலாலேயே போன பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டோர்க் றெஞ்ச்சை எடுத்து, அந்த வருட மொடலுக்குப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்கினேன். கை நிதானம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். அந்த றெஞ்ச்சை இரவல் கொடுக்கிற உதிரிப்பாகக் கடைகள் இருக்கின்றன.

அடுத்த நாள் கலவை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அதே மோர்னிங்சைட் ஏற்றத்தில் அறுபதில் ஏறினேன். றேடியோவை நிற்பாட்டிவிட்டு ஏறினேன். ஒன்றும் இல்லை. அன்று பின்னேரம் ஏ5 பூச்சியம். இன்றுவரை அதே ட்றான்ஸ்மிஷன்தான் ஓடுகிறது.

தண்ணீர் எப்படி வந்தது என்று பிறகு யோசித்தேன். பனிக்காலத்து உப்பைக் கழுவவென்று சித்திரை மாதத்தில் காசு போட்டுக் கழுவுகிற இடத்தில் பொனற்றைத் திறந்து அமுக்கத் தண்ணீரை எஞ்சின்மேல் அடித்தவன் நான்தான். பழைய பூட்டின் மேல்வளையம் அந்த அமுக்கத்தைத் தடுக்காது. நடுக்கம் தொடங்கியது அதற்கு மூன்று கிழமைக்குப் பிறகு. அடிச்சட்டத்தையும் சில்லு வளைவுகளையும் எவ்வளவும் கழுவுங்கள், எஞ்சினின் தலைமேல் அடிக்க வேண்டாம்.

மற்றக் காரணங்களும் இருக்கின்றன. காற்றுக் கசிவு ஒன்று. எஞ்சினுக்குள் போகிற காற்றைக் கட்டுப்படுத்துகிற திறொட்டிலுக்குப் பின்னால் இருக்கிற வளைந்த றபர்க் குழாய் எண்ணெயில் ஊறிப் பிசினாகி உள்ளே வெடித்திருக்கும், அப்போது பி0171, பி0174 என்று இரண்டு பக்கமும் பெற்றோல் காணாது என்ற கோட் வரும், குழாய் சில டொலர்தான். இன்ஜெக்ரர் வேலை செய்கிறதா என்பதை நீட்டு ஸ்குறூ டிறைவரின் பிடியைக் காதில் வைத்து நுனியை அதன்மேல் வைத்துக் கேட்கலாம், எட்டும் ஒரே தாளத்தில் டிக் டிக் என்று அடிக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் அமுக்கம் பார்க்க வேண்டும்: எல்லாப் பிளக்கையும் கழற்றி, பெற்றோல் பம்பின் ஃபியூஸை எடுத்து, கொயில் சொருகிகளைக் கழற்றி, காலை முழுக்க அழுத்திக்கொண்டு ஸ்ராட்டரைச் சுற்றவிட்டு அளவிட வேண்டும். ஆகக் குறைந்த சிலிண்டர் ஆகக் கூடியதின் முக்கால்வாசிக்குக் கீழே போனால் வால்வோ வளையமோ கேஸ்கற்றோ போயிருக்கிறது. அந்த இடத்தில் நானும் கையை எடுத்துவிட்டு நல்ல கராஜ் ஒன்றைத்தான் தேடுவேன்.

வேறு வான் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். செவி எக்ஸ்பிறஸ், ஜீஎம்சி சவானா வைத்திருப்பவர்களுக்குக் கொயில் பிளக்கின்மேல் இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர் உண்டு. அந்த வயர் எக்சோஸ்ற்றின் சூட்டில் கருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாப்பாடு, பார்சல் கொண்டோடுகிற நம்மவர்களிடம் டொட்ஜ் கறவான் நிறைய. அதன் 3.6 லீற்றர் எஞ்சினில் முன் மூன்று பிளக்கும் சுகம், பின் மூன்றுக்கும் மேலே இருக்கிற, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்புகிற பெட்டியைக் கழற்ற வேண்டும். முதல் தரம் செய்கிறவர் அனுபவம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது. டீசல் ஸ்பிறின்ரருக்குப் பொறிப் பிளக்கே இல்லை, நான் மேலே சொன்னது அதற்குப் பொருந்தாது.

ஆனால் எந்தப் பெற்றோல் வண்டியானாலும் செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் காலை எடுத்துவிடுங்கள். விளக்கு அசையாமல் எரிந்தால் பார்த்துச் செய்யலாம். மின்னினால் எரியாத பெற்றோல் எக்சோஸ்ற்றுக்குள் போய், புகையைச் சுத்தப்படுத்துகிற கற்றலிற்றிக் கொன்வேற்றருக்குள் (இது ட்றான்ஸ்மிஷன் கொன்வேற்றர் இல்லை, வேறு) எரிந்துகொண்டிருக்கிறது. 30 டொலர் வேலை அந்த இடத்தில்தான் ஆயிரக் கணக்கான டொலராக மாறுகிறது. அடுத்த வேலைக்கு நேரம் போகிறது என்று அப்படியே 401 நெடுஞ்சாலையில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களை நான் அறிவேன். அன்றைய கூலி போனாலும் பரவாயில்லை, ஓரத்தில் நிற்பாட்டுங்கள். பனிக்காலத்தில் வீட்டுக் கராஜின் கதவைப் பூட்டிக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கவும் வேண்டாம். அந்தப் புகையில் இருக்கிற காபன் மொனொக்சைட் வாயுவுக்கு மணம் இல்லாமலே ஆளைக் கொல்கிற குணம் உண்டு.

முன்பு ஒன்ராறியோவில் ட்றைவ் கிளீன் புகைப் பரிசோதனை இருந்தது. விளக்கு எரிந்தால் சித்தி பெறாது, ஆகவே பலர் வேறு வழியில்லாமல் திருத்தினார்கள். 2019 ஏப்ரலோடு கார்களுக்கும் சிறு வண்டிகளுக்கும் அது நின்றுவிட்டது. செலவு மிச்சம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம், நானும்தான். ஆனால் அதற்குப் பிறகு விளக்கின்மேல் கறுப்பு ரேப் ஒட்டிக்கொண்டு ஓடுகிற வேலை வான்களை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். ரேப் ஒட்டுகிற பொடியன்களுக்குச் சோம்பல் இல்லை. விளக்கு எரிந்தால் ஒரு பெரிய பில் வரும் என்ற பயம்தான் அவர்களை அப்படிச் செய்ய வைக்கிறது. எந்தச் சிலிண்டர் என்று வீட்டு வாசலில் வைத்தே தெரிந்துகொள்ளலாம் என்பது தெரிந்தால் அந்தப் பயம் பாதியாகக் குறையும். மற்றவர்களின் வண்டியைக் கூலிக்குத் திருத்தத்தான் இங்கே லைசன்ஸ் வேண்டும். சொந்த வானின் கொயிலைக் கழற்ற யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

கராஜ்களை விட்டு விலகுங்கள் என்று நான் எழுதவில்லை. பிரேக், ஸ்ரியறிங், ட்றான்ஸ்மிஷன் எல்லாம் நானும் அங்கேதான் கொடுக்கிறேன். கேட்பது இவ்வளவுதான்: “வான் நடுங்குது” என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகாமல், “ஏ5இல் நூற்றி நாற்பத்திமூன்று, கொயிலை மாற்றிப் போட்டேன், ஏ3க்குப் போனது” என்று சொல்லிக்கொண்டு போங்கள். நல்ல மெக்கானிக் அந்த ஒரு வசனத்துக்கு உங்களை மதிப்பார், அவருக்கும் அரை நாள் மிச்சம். மாற்றினால் பழைய பாகத்தைக் கையில் தரச் சொல்லுங்கள். கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள்.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் பத்திரிகையை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தமிழ்க் கடை வாசலில் எடுத்துக்கொண்டு போகிறவர்களில் பெரும்பகுதி என்னைப்போல வானை நம்பிப் பிழைக்கிறவர்கள். மாதத்தில் ஒரு தரமாவது அரைப் பக்கம் இதற்கு ஒதுக்குங்கள். நல்ல தமிழில், படத்தோடு, ஒரு மாதம் பிளக், ஒரு மாதம் பற்றறி என்று போகட்டும். லைசன்ஸ் உள்ள நம்மவர்களே எத்தனையோ பேர் எழுதக் கூடியவர்கள் இருக்கிறார்கள்.

மற்றது அந்தத் தம்பிக்கு. வான் இன்னும் இரும்புக்காரரின் வளவில் முழுசாக நின்றால், அவர் நசுக்குகிறதுக்கு முன் எனக்கு அறிவியுங்கள். என் தொலைபேசி இலக்கம் ஆசிரியர் பீடத்திடம் இருக்கிறது. மகனின் கோட் றீடரையும் 7 மில்லிமீற்றர் சொக்கற்றையும் எடுத்துக்கொண்டு நான் வருகிறேன். இந்தச் சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை.

இப்படிக்கு,
ரைல் வேலை செய்யும் வாசகர் ஒருவர்,
ஸ்காபுறோ